அறிவியல் ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் பி.எட். படிக்கும் மாணவ ஆசிரியர்களும், எம்.எஸ்சி. முடித்துவிட்டு அடுத்து எந்தப் பக்கம் போவது என்று எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர்களும், சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 6 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவும், அதன்பின் 24 ஆண்டுகள் கல்வியியல் துறையிலும் பணியாற்றியிருக்கிறேன். விதிமுறைகளை விதிமுறைகளாகவும், என் கருத்துகளை என் கருத்துகளாகவும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பேராசிரியர் கற்பிப்பது அறிவியலையா, கல்வியியலையா?

இரண்டும் சேரும் இடத்தில் இருக்கும் மூன்றாவது ஒன்றை. வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகான 'மோல்' என்றால் என்ன என்பது வேதியியல் படித்தவருக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை பொதுவாக எப்படிக் கற்கும் என்பது கல்வியியல் படித்தவருக்குத் தெரியும். ஆனால், மோல் பாடத்தில் அந்தப் பிள்ளை சரியாக எந்த வரியில் இடறும், இடறினால் எந்த உவமை கைகொடுக்கும், எந்த உவமை இன்னும் குழப்பிவிடும் என்பதை அறிந்திருப்பது தனியொரு அறிவு. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் அதைப் 'பாடம் சார்ந்த கற்பித்தல் அறிவு' என்று சொல்லலாம். அந்தப் பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே நல்ல ஆசிரியர்களிடம் அந்த அறிவு இருந்தது. ஆனால் அது அவர்களுடனேயே ஓய்வு பெற்றுப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரிடம் இருப்பதை எழுத்தில் பிடித்து, சோதித்து, அடுத்தவருக்குக் கொடுப்பதே எங்கள் வேலை.

என்னென்ன பட்டங்கள் வேண்டும்?

அறிவியல் பாடம் ஒன்றில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்களுடன் முதுகலைப் பட்டம், அதே அளவு மதிப்பெண்களுடன் எம்.எட்., அவற்றுடன் கல்வியியலில் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் (நெட், செட்) தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வளமான பிரிவில் சேராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் பி.எட்., எம்.எட். இரண்டும் தலா இரண்டு ஆண்டுப் படிப்புகளாகிவிட்டன; ஆகவே எங்கள் காலத்தைவிட உங்களுக்குப் பாதை நீளமானது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இந்த வழியில் இறங்க விரும்புவோர், 1963இல் தொடங்கப்பட்ட மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் அறிவியலையும் கல்வியியலையும் சேர்த்தே கற்பிக்கும் ஒருங்கிணைந்த நான்காண்டுப் படிப்பைப் பற்றி விசாரித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்திருக்க வேண்டியது கட்டாயமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கட்டாயமில்லை. என் கருத்தில் கட்டாயம். மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையில், ஐம்பது பிள்ளைகளின் முன் நின்று, அமிலத்தையும் காரத்தையும் நடத்திப் பார்த்திராத ஒருவர், அதை எப்படி நடத்த வேண்டும் என்று இன்னொருவருக்குச் சொல்லும்போது, கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. குறைந்தது மூன்று ஆண்டுகளாவது பள்ளியில் இருந்துவிட்டு வாருங்கள். அந்த ஆண்டுகள் வீணாகாது.

பிள்ளைகளின் தவறான கருத்துகளைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்? சரியானதைக் கற்பித்தால் போதாதா?

போதாது என்பதே கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகளின் சாரம். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாக்கின: பிள்ளைகள் வெற்றுப் பலகையாக வகுப்புக்கு வருவதில்லை; வெப்பம், ஒளி, விசை, எரிதல் ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் தாமே உருவாக்கிக்கொண்ட விளக்கங்களோடுதான் வருகிறார்கள். அந்த விளக்கங்களைத் தொடாமல் மேலே எதை ஊற்றினாலும், தேர்வு முடிந்த மறுநாள் பழைய விளக்கமே திரும்பி வந்து நிற்கிறது.

இந்த விளக்கங்களில் ஒரு பகுதி மொழியிலிருந்தே வருகிறது என்பதை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வுகளை மட்டும் படிப்பவர் கவனிக்கத் தவறிவிடுவார். நம் வீடுகளில் 'ஐஸ் கரைஞ்சு போச்சு' என்கிறோம். 'சர்க்கரை கரைஞ்சு போச்சு' என்றும் அதே வினைச்சொல்லால் சொல்கிறோம். பாடநூலோ முதலாவதை உருகுதல் என்றும் இரண்டாவதைக் கரைதல் என்றும் பிரிக்கிறது. இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள், ஒன்றுக்கு இன்னொரு பொருள் தேவையில்லை, மற்றொன்றுக்குக் கரைப்பான் தேவை என்று ஆசிரியர் வெளிப்படையாக எடுத்துச் சொல்லாவிட்டால், பிள்ளை இரண்டு புதிய சொற்களை மனப்பாடம் செய்யுமே தவிர, வேறுபாட்டைக் காணாது. மின்விளக்கு 'எரிகிறது' என்கிறோம், விறகும் 'எரிகிறது'. ஆகவே, பல்புக்குள்ளும் ஏதோ எரிந்து தீர்கிறது, அதனால்தான் பல்பு 'பீஸ்' போகிறது என்று ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எனக்கு மிகத் தெளிவாக விளக்கினாள். அவள் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவுமில்லை. அவளுடைய மொழி அவளுக்குக் கொடுத்த சான்றிலிருந்து அவள் சரியாகவே முடிவெடுத்திருந்தாள். இப்படியே, அசையும் காற்றுக்கும் அசையாத காற்றுக்கும் நமக்கு ஒரே சொல்தான். விசிறி நின்றுவிட்டால் 'அறையில் காற்றே இல்லை' என்கிறோம். மறுநாள் காற்று எங்கும் நிறைந்திருக்கிறது என்று பாடம் நடத்துகிறோம். கடையில் எடை போட்டு வாங்கும் பொருளுக்கு வகுப்பில் நிறை என்று பெயர் வருகிறது. சந்தையில் நாள் முழுவதும் தலைச்சுமையோடு நிற்கும் கூலித் தொழிலாளி, சுமை நகராததால், இயற்பியலின்படி எந்த 'வேலை'யும் செய்யவில்லை என்று சொல்லும்போது, அந்தத் தொழிலாளியின் மகன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் ஆசிரியர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றைத் தமிழின் குறையாகச் சொல்லவில்லை. எல்லா மொழிகளிலும் அன்றாடச் சொல்லுக்கும் அறிவியல் சொல்லுக்கும் இடையே இப்படிப்பட்ட இடைவெளி உண்டு. எந்தெந்த இடங்களில் நம் மொழியில் அந்த இடைவெளி இருக்கிறது என்ற வரைபடத்தை நாமே தயாரிக்க வேண்டும். வேறு யாரும் நமக்காகத் தயாரித்துத் தரப்போவதில்லை. என் பணிக்காலத்தில் எனக்கு மிகவும் நிறைவளித்தது இந்த வேலைதான்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தப் பணியைச் செய்வதில் தனியான பயன் ஏதாவது உண்டா?

உண்டு. ஆய்வகம் சிறியதாக இருக்கும் பள்ளிக்கும் ஊர் பெரிய ஆய்வகமாக இருக்கிறது.

தரைக்கற்களுக்குப் பெயர்பெற்ற ஆத்தங்குடிக்கு மாணவ ஆசிரியர்களை அழைத்துச் செல்வது என் வழக்கம். அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டங்களில் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் கலந்த கலவையை நிரப்பிக் கற்களைச் செய்கிறார்கள். பின் அவற்றைச் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைக்கிறார்கள். இங்கே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சிமெண்டு 'காய்ந்து' கெட்டியாகிறது என்றால், அதை ஏன் தண்ணீருக்குள் வைக்கிறார்கள்? முதுகலைப் பட்டம் பெற்றவர்களும் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சிமெண்டு காய்வதில்லை, தண்ணீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது, தண்ணீர் போய்விட்டால் வினையும் பாதியில் நின்றுவிடும். காய்தல் என்ற அன்றாடச் சொல்லின் கீழ் ஒரு வேதிவினை மறைந்திருப்பதை, தங்கள் தடுமாற்றத்தின் வழியாகவே அவர்கள் உணர்கிறார்கள். நாளைக்குத் தங்கள் மாணவரின் தடுமாற்றத்தைக் கண்டு எரிச்சல் கொள்ளாமல் இருக்க, இந்த அனுபவம் அவர்களுக்குத் தேவை. மெருகுபோடாமலே கல் பளபளப்பது ஏன் என்ற அடுத்த கேள்விக்குக் கண்ணாடித் தகட்டைத் தொட்டுப் பார்த்து அவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

பழைய வீடுகளின் சுவர்கள் இன்னொரு பாடம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சுட்டதைத் தண்ணீர் விட்டு நீற்றினால் கொதித்துக் குழைகிறது. கடுக்காய், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு முதலியன சேர்த்து அரைத்துப் பூசியபின், அந்தப் பூச்சு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகிறது. சூளைக்குப் போன கல்லே சுவரில் கல்லாகத் திரும்புகிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால்போல் மாறும் சோதனையை எல்லாப் பள்ளிகளிலும் செய்கிறோம். அதே வினைதான் தன் பாட்டி வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் நடந்திருக்கிறது என்பதைக் கானாடுகாத்தானிலிருந்து வரும் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

ஸ்காட்லாந்து வேதியியல் கல்வியாளர் ஜான்ஸ்டன் 1991இல் வலியுறுத்திய ஒரு கருத்தை இங்கே இணைத்துக்கொள்கிறேன். வேதியியல் மூன்று தளங்களில் இயங்குகிறது: கண்ணால் காண்பது, காண முடியாத துகள்களின் தளம், குறியீடுகளும் சமன்பாடுகளும் உள்ள தளம். வேதியியலாளர் மூன்றுக்கும் இடையே எளிதாகத் தாவுகிறார். மாணவரோ முதல் தளத்தில் நிற்கும்போதே மூன்றாவதைக் கரும்பலகையில் பார்க்கிறார். சுவரும் கல்லும் புளி போட்டுத் துலக்கிய செம்புப் பாத்திரமும் முதல் தளத்தை உறுதியாகத் தருகின்றன. மற்ற இரண்டுக்கும் அவசரப்படாமல் அழைத்துச் செல்லும் கடமை ஆசிரியருடையது. ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்டால் அது சுற்றுலாவாக மட்டுமே இருக்கும்.

காரைக்குடியில் அறிவியலும் ஆசிரியர் கல்வியும் ஒரே வளாகத்தில் அமைந்தது எப்படி?

கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். அதற்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று, தாமே ஆசிரியராக வாழ்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். அதே ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் அந்த வளாகத்தில் வளர்ந்தது. அழகப்பர் 1957இல் மறைந்தார். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. அரிப்பையும் மின்கலத்தையும் ஆராயும் விஞ்ஞானிகளும், அவற்றை எட்டாம் வகுப்பில் நடத்தப் போகிறவர்களும் நடந்துசெல்லும் தொலைவில் இருக்கும் ஊர் இது. அந்த அருகாமையை நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

கற்பித்தல் பயிற்சியின்போது பேராசிரியர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து என்ன எழுதுகிறார்?

இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் முதலாண்டில் 4 வாரங்களும் இரண்டாம் ஆண்டில் 16 வாரங்களுமாக மொத்தம் 20 வாரங்கள் பள்ளியில் கழிக்க வேண்டும் என்பது விதி. அந்த வாரங்களில் வகுப்புக்கு வந்து பார்வையிடும் பேராசிரியர் எதை எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே, மாணவ ஆசிரியர் எதை முக்கியமென்று கற்றுக்கொள்கிறார்.

இதில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு கிராமப் பள்ளியில் 'நிலைமாற்றங்கள்' பாடத்தைப் பார்வையிட்டேன். தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது, காற்றா என்று ஒரு சிறுவன் கேட்டான். பாடம் நடத்திய மாணவ ஆசிரியை பாடக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளிடம் அதே கேள்வியைத் திருப்பினார். வெற்றிடம், ஆக்சிஜன், ஆவி என்று விடைகள் வந்தன. ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதி, எது சரியாக இருந்தால் என்ன நடக்க வேண்டும் என்று விவாதித்தார். குமிழிக்குள் இருப்பது நீராவி என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. பாடக்குறிப்பில் எழுதியிருந்த தொகுப்புரையும் மதிப்பீடும் வீட்டுப்பாடமும் நடக்கவில்லை. நான் அவற்றுக்குரிய மதிப்பெண்களைக் குறைத்துவிட்டேன். அவர் எதுவும் சொல்லாமல் ரெக்கார்டு நோட்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த ஆண்டில் நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்புக்கு மிகக் குறைந்த மதிப்பெண்களுள் ஒன்றைக் கொடுத்திருந்தேன் என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின.

இப்போது நான் எழுதுவது வேறு. பிள்ளைகள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே எழுதுகிறேன். ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருந்தார் என்று குறிக்கிறேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் ஏறத்தாழ ஒரு விநாடி மட்டுமே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீள்கின்றன, பேசாமல் இருந்த பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. ஆனால் கற்றுக்கொள்வது கடினம். வகுப்பில் மூன்று விநாடி அமைதி, புதிய ஆசிரியருக்கு மூன்று நிமிடம்போல் தோன்றும்.

முனைவர் பட்டத்துக்கு எப்படிப்பட்ட தலைப்பை எடுக்கலாம்?

ஒரு கற்பித்தல் முறையை எடுத்து, ஒரு வகுப்பைச் சோதனைக் குழுவாகவும் இன்னொன்றைக் கட்டுப்பாட்டுக் குழுவாகவும் வைத்து, முன்தேர்வும் பின்தேர்வும் நடத்தி, புதிய முறையே சிறந்தது என்று முடிக்கும் ஆய்வேடுகள் நம் நூலகங்களில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்த முறை ஏன் பயன்பட்டது, எந்தப் பிள்ளைக்குப் பயன்படவில்லை என்ற கேள்விக்கு அவற்றில் பெரும்பாலானவை விடை தருவதில்லை. உங்களுக்கு நான் சொல்வது, சிறியதாக எடுத்து ஆழமாகச் செய்யுங்கள் என்பதே. தமிழ்வழி ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 'வெப்பம்', 'வெப்பநிலை', 'சூடு' ஆகிய மூன்று சொற்களை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறார்கள் என்பது மட்டுமே ஒரு முழு ஆய்வேட்டுக்குப் போதும்.

இந்தியாவிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. மும்பையில் 1974இல் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் வெளியீடுகளைப் படியுங்கள். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைப் பற்றியும் படியுங்கள். அங்கே பிள்ளைகள் சோதனை செய்து, தாமே முடிவை எழுதினார்கள். பேராசிரியர்களும் விஞ்ஞானிகளும் கிராம ஆசிரியர்களுடன் ஒரே தரையில் உட்கார்ந்து பயிற்சி நடத்தினார்கள். தமிழகத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பணியும் இந்தத் துறையில் ஆய்வு செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதவி உயர்வும் ஊதியமும் எப்படி?

ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். பேராசிரியருக்கு 1,44,200 ரூபாய். சுயநிதிக் கல்லூரிகளில் பணியாற்றும் பலர் இதில் சிறு பகுதியையே பெறுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு அனுபவம், 7 ஆய்வு வெளியீடுகள், 75 ஆய்வு மதிப்பெண்கள். பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவம், 10 வெளியீடுகள், 120 மதிப்பெண்கள். ஒரு கட்டுரைக்குக் கல்வியியலில் 10 மதிப்பெண்கள் கிடைக்கும். ஒரு மாணவ ஆசிரியரின் வகுப்பை ஐந்து முறை போய்ப் பார்த்து, ஐந்து முறையும் உட்கார்ந்து பேசியதற்கு அந்த ஆய்வு மதிப்பெண் அட்டவணையில் இடமில்லை. இது சரியல்ல என்று நான் வாய்ப்புக் கிடைத்த கூட்டங்களிலெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். இடமில்லை என்பதற்காக அதைச் செய்யாமல் இருந்துவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா?

உண்டு. மொழிபெயர்த்த நூலுக்கு 8, அத்தியாயத்துக்கு 3 என்று அதே விதிமுறைகளில் மதிப்பெண்கள் இருக்கின்றன. ஆனால் அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் உருவாக்கும் ஆசிரியர்களில் பலர் தமிழ்வழியில் கற்பிக்கப் போகிறார்கள் என்பது. கல்லூரியில் ஆங்கிலத்தில் இயற்பியல் படித்துவிட்டு, 'திசைவேகம்' என்ற சொல்லைக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் நாளில்தான் முதன்முதலாகப் பார்க்கும் மாணவ ஆசிரியர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கத் தமிழில் நூல்கள் வேண்டும். ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆய்வின் பயனைத் தமிழிலும் எழுதுங்கள்.

பி.எட். முதலாண்டில் இருக்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் நான் இப்போதே என்ன செய்யலாம்?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலோ நீங்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளியிலோ, எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் உள்ள பத்துப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: சித்திரை மாதத்தில் ஊருணி வற்றும்போது தண்ணீர் எங்கே போகிறது? அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள், தலையாட்டி உற்சாகப்படுத்தவும் வேண்டாம். 'அப்படி ஏன் நினைக்கிறாய்?' என்று மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். மண் குடித்துவிட்டது என்பார்கள், சூரியன் உறிஞ்சிவிட்டது என்பார்கள், மேகத்துக்குப் போய்விட்டது என்பார்கள், மாடுகள் குடித்துத் தீர்த்துவிட்டன என்றும் சொல்வார்கள். எந்த விடையில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எந்தச் சொல் எந்த எண்ணத்தைக் கொண்டுவந்தது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரி எழுதுங்கள். பிள்ளை பேசிய தமிழை எழுத்துத் தமிழாக மாற்றிவிடாமல், பேசியபடியே எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள்; உங்கள் சான்றிதழ்களைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் படிப்பேன்.